எல்லா உயிர்களும், காக்கை நீங்கலாக

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே! நாகைக் கடற்கரைக்குப் பாய்மரக் கப்பல்கள் வந்து போன அந்நாளில், அங்கே ஒரு புத்த விகாரை இருந்தது. அதில் சீலநந்தி என்றொரு பிக்கு இருந்தார். நல்ல மனிதர்தான். தம்மைவிட நல்லவர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார், அது ஒன்றுதான் குறை.

வரும் பௌர்ணமியன்று ஊர்மக்களுக்கு வாழ்த்துச் சொல்ல அவரைத்தான் தேர்ந்திருந்தார்கள். எந்த உயிர்மீதும் துளி வெறுப்பில்லாதவரே அந்த ஆசனத்தில் அமரலாம் என்பது விதி. "எனக்கா வெறுப்பு?" என்று சிரித்தார் சீலநந்தி. ஆசனத்தின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. பௌர்ணமிக்கு இன்னும் இரண்டே நாள்.

முதல் நாள், பிச்சை ஏற்று வந்த சோற்றை மண்கலத்தோடு மரத்தடியில் வைத்துவிட்டுக் கண்களை மூடித் தியானித்தார். "கிழக்கே உள்ள உயிர்கள் இன்புறட்டும். மேற்கே உள்ளவை இன்புறட்டும். வடக்கே, தெற்கே, கீழே, மேலே..." கண்ணைத் திறந்தால், மேலே இருந்த ஓர் உயிர் நன்றாகவே இன்புற்றிருந்தது. காக்கை ஒன்று தின்றதுபோக மிச்சத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டுக் கிளையில் அலகு தீட்டிக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது தாண்டினால் பிக்குகள் மறுநாள்வரை ஒரு பருக்கையும் தொடக் கூடாது. சீலநந்தி பட்டினி கிடந்தார்.

இரண்டாம் நாள் முக்கால் கண்தான் மூடினார். மடியில் ஒரு தடி. "எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும், அந்தக் கரிய திருடன் நீங்கலாக." காக்கை வந்து கலத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. "ஒழி, சனியனே!" என்று ஓங்கி அடித்தார். காக்கை தப்பியது. மண்கலம் நாலு துண்டானது. அன்றும் பட்டினி.

மாலையில் குயவர் தெருவில் போய் நின்றார். குயவர் மனைவி மாசாத்தி புதுக்கலம் ஒன்றைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தாள்.

"பழசு எப்படிச் சாமி உடைஞ்சுது?"

"காக்கையால், தாயே."

"காக்கை கொத்தியா கலம் உடையும்?"

சீலநந்தி தலையைச் சொறிந்தார். நடந்ததைச் சொன்னார்.

"உலகத்து உசுரையெல்லாம் வாழ்த்துறீங்க. அதுக்கும் வயிறு இருக்கேன்னு நெனச்சீங்களா? நாங்க முதல் பிடியை அதுக்கு வச்சிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவோம்."

பாவம் சீலநந்தி, வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள் பௌர்ணமி. முதல் பிடியைக் கல்லின்மேல் வைத்தார். காக்கை கிளையைவிட்டு இறங்கவில்லை. தடியை அது மறக்கவில்லை. "கா... கா..." என்று கூப்பிட்டார். மற்ற பிக்குகள் தியானத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வயிறு இரைந்தது. ஆனாலும் காக்கை சாப்பிடாமல் தமக்கு ஒரு கவளம் இறங்காது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

உச்சிப்பொழுது மணி அடித்தது. அடித்து ஓய்ந்த பிறகுதான் காக்கை சாவகாசமாக இறங்கி வந்தது. முதல் பிடியை முடித்துவிட்டுக் கலத்தைப் பார்த்தது.

"மெதுவாகச் சாப்பிடப்பா" என்று கலத்தையும் நகர்த்தி வைத்தார் சீலநந்தி. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

மாலையில் ஊர் கூடியது. சீலநந்தி தடி எடுத்த கதையை எல்லார் முன்னும் சொல்லி, "அந்த ஆசனத்துக்கு நான் தகுதியானவன் இல்லை" என்று தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து இருந்த வெறுப்பு இன்னைக்கும் இருக்கா சாமி?" என்று கூட்டத்திலிருந்து கேட்டாள் மாசாத்தி.

அவர் நெஞ்சைத் துழாவிப் பார்த்தார். "இல்லை தாயே. பசிதான் இருக்கிறது."

ஊரே சிரித்தது. மூத்த பிக்குகள் அவர் கையைப் பிடித்து ஆசனத்தில் ஏற்றினார்கள்.

ஆகவே, நமக்குத் தொல்லை தரும் ஓர் உயிரை வாழ்த்தக் கற்றவருக்கே உலகத்து உயிர்களையெல்லாம் வாழ்த்தும் தகுதி வரும்.