கரிக்கோடு போட்ட முட்டை

ஒரு காட்டில் ஒரு கோழி குடியிருந்தது. காட்டுக்கோழி இல்லை, குழந்தைகளே. ஊரை விட்டு ஓடிவந்த வீட்டுக்கோழி. சிங்கம் பேசியது என்றால் வாயைப் பிளந்து கேட்பீர்கள், கோழி காட்டுக்குக் குடிபோனது என்றால் மட்டும் நம்ப மாட்டீர்களாக்கும்! செப்புக்குடம் போல் மினுமினுக்கும் நிறம் என்பதால் அதன் பெயர் செம்பி.

செம்பி ஓடிவந்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் அது பேச்சியம்மாள் வீட்டில் வளர்ந்தது. பேச்சியம்மாள் நல்லவள்தான். முட்டையிடக் கூடையில் வைக்கோல் போடுவாள், கொறிக்கக் கம்பு போடுவாள். ஆனால் செம்பி முட்டையிட்டு இறங்கியதும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கூடையில் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைப்பாள். ஒன்று கிடந்தால்தான் கோழி மறுநாளும் அதே கூடைக்கு வரும் என்பது ஊர் வழக்கம்.

எப்போது பார்த்தாலும் ஒன்று. ஒற்றை முட்டையை வைத்துக்கொண்டு எந்தக் கோழி அடைகாக்கும்?

"நான் பெற்றதில் நாலையாவது நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, செம்பி ஒரு நாள் வேலியைத் தாண்டிவிட்டது.

காட்டில் ஒரு புங்கமரத்தடியில் சருகைக் கிளறிக் குழி பறித்தது. பக்கத்து வளையில் ஒரு முள்ளம்பன்றி. பகலெல்லாம் தூங்குகிற பிராணி. கொஞ்சம் தள்ளி ஒரு நரி. அது ஆறுதல் சொல்வதில் கெட்டிக்கார நரி. காட்டுச்சேவல் ஒன்றும் அவ்வப்போது கூவிக்கொண்டு வந்து போகும். அதன் கதை நமக்கு வேண்டாம்.

முதல் நாள் செம்பி ஒரு முட்டையிட்டது. மறுநாள் இன்னொன்று. கொக்கரித்துக்கொண்டே ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், குழியில் ஒன்றுதான் இருந்தது.

"அண்ணே, அண்ணே! முட்டையைக் காணோம்!" என்று முள்ளம்பன்றியின் வளைக்குள் தலையை நீட்டிக் கத்தியது.

"எண்ணிப் பார்" என்றது உள்ளேயிருந்து ஒரு தூக்கக் குரல்.

"எண்ணினால் ஒன்றுதான் வருகிறது."

"அப்படியானால் ஒன்றுதான். போ, தூங்கவிடு."

நரிதான் ஓடிவந்தது. குழியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, துக்கவீட்டுக்கு வந்தது போல் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டது.

"அக்கா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு முட்டை போட்டாயா, போட்டதாக நினைத்தாயா?"

"கொக்கரித்தேனே, தம்பி!"

"கொக்கரிப்பதற்குத் தொண்டை போதுமே, முட்டை எதற்கு? ஊர்க்கூரையின் நிழலில் வளர்ந்த உடம்பு. காட்டுவெயில் தலைக்கேறிவிட்டது, பாவம்."

"யாராவது திருடியிருந்தால்?"

"திருடன் வந்தால் இதையும் எடுத்திருப்பானே! ஒன்றை விட்டுவிட்டுப் போகிற திருடனை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?"

செம்பி யோசித்தது. பார்த்ததில்லை என்றுதான் தோன்றியது. பேச்சியம்மாளைத் திருடி என்று நினைக்க அதற்கு எப்படி மனம் வரும்? கம்பு போடுகிறவள் ஆயிற்றே!

இப்படியே நாட்கள் போயின. செம்பி போடும், கொக்கரிக்கும், ஓடைக்குப் போகும். திரும்பி வந்தால் ஒன்று. நரி வரும், ஆறுதல் சொல்லும். சொல்லச் சொல்ல நரிக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. செம்பிக்கோ இறகு உதிர்ந்தது. சித்திரை பாதி போய்விட்டது. மழை தொடங்கிவிட்டால் குழிக்குள் தண்ணீர் நிற்கும். அப்புறம் அடையாவது, குஞ்சாவது!

ஒரு நாள் காட்டுத்தீயில் கருகிய கட்டை ஒன்று செம்பியின் கண்ணில் பட்டது. உடனே பேச்சியம்மாள் வீட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. எப்போதாவது மற்றொரு கோழியை அடைக்கு உட்காரவைத்தால், அந்த முட்டைகளின் மேல் பேச்சியம்மாள் கரித்துண்டால் கோடு போட்டு வைப்பாள். பிறகு வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டாலும், எது அடைமுட்டை, எது புதுமுட்டை என்று தெரிந்துவிடும்.

செம்பி கரித்துண்டு ஒன்றை அலகால் கொத்தி வந்தது. குழியில் கிடந்த பழைய முட்டையின் மேல் ஒரு கோடு இழுத்தது. பக்கத்தில் வெள்ளையாகப் புதிதாக ஒன்று இட்டது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டது. பிறகுதான் ஓடைக்குப் போனது.

திரும்பி வந்தபோது கோடு போட்டது இருந்தது. வெள்ளை இல்லை.

"சரி. என் தலை நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு, இருந்த முட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

வழக்கம்போல் நரி வந்தது.

"இன்றைக்கும் அப்படித்தானா, அக்கா?"

"அப்படித்தான், தம்பி."

"விடு. அந்தக் கோடு போட்ட முட்டையாவது பத்திரமாக இருக்கிறதே, அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்."

செம்பியின் கொண்டை ஒரு கணம் விறைத்தது. கோடு போட்டதை அது யாரிடமும் சொல்லவில்லை. முட்டையோ அதன் வயிற்றுக்கு அடியில் இருந்தது. நரி அதை எப்போது பார்த்தது?

ஆனால் செம்பி கத்தவில்லை, சிறகடிக்கவில்லை. பெருமூச்சு விட்டது.

"உன்னிடம் சொல்வதற்கென்ன, தம்பி. அந்தக் கோடு எதற்குத் தெரியுமா? அது பழைய முட்டை. வெயிலில் கிடந்து கூமுட்டையாகிவிட்டது. உள்ளே அழுகல். தொட்டால் வெடிக்கும். யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால் பாவம் இல்லையா? அதனால்தான் அடையாளம். கோடு இருந்தால் கூமுட்டை, கோடு இல்லாவிட்டால் நல்ல முட்டை."

"உன் மனசு யாருக்கு வரும், அக்கா!" என்று நரி உருகிப்போனது. அன்றைக்கு அது பொய் சொல்லவில்லை.

மறுநாள் செம்பி புதுமுட்டை இட்டது. ஈரப்புல்லைக் கொண்டுவந்து பழைய முட்டையின் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து அழித்தது. புதுமுட்டையின் மேல் பட்டையாக ஒரு கோடு இழுத்தது. பிறகு காடே திரும்பிப் பார்க்கும்படி கொக்கரித்துக்கொண்டு ஓடைக்குப் போனது.

நரி புதரை விலக்கிக்கொண்டு வந்தது. இரண்டு முட்டைகள் இருந்தன. கோடு போட்டதைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டது. கோடில்லாததைக் குனிந்து முகர்ந்தது. அதன் மூக்கு ஏதோ சொல்ல வந்தது.

"நீ சும்மா இரு. கோழியே தன் வாயால் சொல்லியிருக்கிறது. கோழியைவிட உனக்கு முட்டையைப் பற்றித் தெரியுமா?" என்று நரி தன் மூக்கை அடக்கியது. முட்டையை முழுதாக வாய்க்குள் போட்டு, கடைவாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தது.

டமார்!

அந்த வெடியில் புங்கமரம் ஒரே மூச்சில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டது என்று சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. நாற்றத்தில் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த பருந்து ஒன்று சிறகால் மூக்கைப் பொத்தப் போய், பறக்கச் சிறகில்லாமல் ஆற்றில் விழுந்ததாம். அதுவும் கேள்விப்பட்டதுதான். முள்ளம்பன்றி பகலில் விழித்துக்கொண்டது மட்டும் உண்மை.

"ஐயோ, தம்பி! உனக்கு இந்தக் கொடுமையைச் செய்தது யார்? பெயரைச் சொல். இப்போதே பஞ்சாயத்துக் கூட்டுகிறேன்!" என்று முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கேட்டது.

"அது வந்து..." என்று நரி வாயைத் திறந்தது. செம்பி ஓடையிலிருந்து மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தது. நரி வாயை மூடிக்கொண்டது. பெயரைச் சொன்னால், வாயை எங்கே வைத்தாய் என்று கேட்பார்களே!

"மழையில் நனைந்துவிட்டேன், அண்ணே" என்றது.

முள்ளம்பன்றி வானத்தைப் பார்த்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. நரியைப் பார்த்தது. வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

நரி ஓடையில் குளித்தது. மீன்கள் எல்லாம் மேலோடைக்குக் குடிபோயின. மண்ணில் புரண்டது, துளசிப்புதரில் படுத்து எழுந்தது. நாற்றம் போகவில்லை. நரி ஒரு பக்கம் புறப்பட்டால், அதற்கு முன்பே நாற்றம் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். முயலும் காடையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் ஓடின. அவ்வளவு நேரம் இருந்தது.

முட்டைக்குக் கிட்டே போக நரிக்குத் துணிவு வரவில்லை. செம்பியின் குழியில் முட்டை சேர்ந்தது. அதற்குமேல் குழி கொள்ளாது என்றானதும் அது அடைக்கு உட்கார்ந்தது. இரை தேடக் கொஞ்ச நேரம் இறங்கும், சூடு ஆறுவதற்குள் ஓடிவந்துவிடும். கோடை கடைசி மூச்சு விடுகிற நேரத்தில் ஓடுகள் விரிந்தன. ஈரம் காயாத பஞ்சுருண்டைகள் ஒவ்வொன்றாய் வெளியே உருண்டன.

புற்றைக் கொத்திக் கறையானைக் காட்டி, "இது தின்பதற்கு" என்று செம்பி அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தது. காற்றில் நாற்றம் வந்தால், "இது ஓடுவதற்கு" என்று சொல்லிக் கொடுத்தது.

ஒரு நாள் ஓடையின் அக்கரையில் நரி வந்து நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. முகத்தில் மட்டும் பழைய உருக்கம்.

"அக்கா! இத்தனை பிள்ளைகளையும் ஒண்டியாக எப்படி வளர்ப்பாய்? தம்பி என்று நான் எதற்கு இருக்கிறேன்? பாரத்தை நான் சுமக்கிறேன். உன் ஆசைக்கு ஒன்றே ஒன்றை நீ வைத்துக்கொள்!"

"தெரியும், தம்பி. ஒன்றை விட்டுவிடுவாய். நல்ல மனசு உனக்கு" என்றது செம்பி.

அதற்குள் காற்று இக்கரைப் பக்கம் திரும்பியது. குஞ்சுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு தாயின் சிறகுக்குள் புகுந்தன. வெளியே ஒரு கால்கூடத் தெரியவில்லை.

நீதி: எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போகிறவனை இரக்கக்காரன் என்று எண்ணாதே, அவன் நாளைக்கும் வரப்போகிறான்.