ஆள்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள்

வெண்முகில் மலையில் குறிஞ்சி பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு கழுதையும் மூன்று ஆடுகளும் ஒரு நரியும் அதைப் பார்க்கப் புறப்பட்டன. வழி தெரியும் என்று சொல்லி நரி முன்னால் நடந்தது.

காட்டின் நுழைவில் காட்டெருமை ஒன்று காவல் இருந்தது.

"தாராளமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் தடத்தை விட்டு இறங்கக் கூடாது. எதிலும் வாய் வைக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றன எல்லாம்.

தடம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. பாதி தூரத்தில் நரிக்கு அலுத்துவிட்டது.

"இந்தப் புல்வெளியைக் குறுக்கே கடந்தால் உச்சிதான். எதற்கு இவ்வளவு சுற்றுகிறோம்?"

"சம்மதம் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தோம்?" என்றது கழுதை.

"கழுதைப் புத்தி" என்று சிரித்துவிட்டு நரி புல்லுக்குள் இறங்கியது. ஆடுகளும் பின்னாலேயே இறங்கின. கழுதை மட்டும் தடத்திலேயே நின்றது.

சட்டென்று ஓர் ஆள்காட்டிக் குருவி எழும்பிக் கத்தியது.

"வராதீர்கள்! தரையில் என் முட்டைகள் இருக்கின்றன!"

முட்டை என்றதும் நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. "எங்கே? எந்தப் பக்கம்?" என்று மோப்பம் பிடிக்கத் தொடங்கியது.

யாரிடம் எதைச் சொல்லிவிட்டோம் என்று குருவிக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே தொப்பென்று தரையில் விழுந்தது. ஒரு சிறகை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது.

'முதலில் இவள், பிறகு முட்டை' என்று நரி அதைத் துரத்தியது. குருவி எட்டியும் எட்டாமலும் ஓடி அதைச் சதுப்புப் பக்கம் இழுத்துப் போனது. நரி வயிறுவரை சேற்றில் புதைந்ததும், இரண்டு சிறகையும் விரித்து ஜிவ்வென்று பறந்தது.

இங்கே ஓர் ஆடு, தூக்கிய காலை வைக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கூழாங்கல் நிறத்தில் நான்கு முட்டைகள் அதன் குளம்புக்கு நேர் கீழே கிடந்தன.

"பயப்படாதே" என்றது கழுதை. "வந்த காலடியிலேயே கால் வைத்துப் பின்னால் வா. நான் பார்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் இடது பக்கம். ஆம், அங்கே வை."

ஒவ்வொன்றாக மூன்று ஆடுகளும் தடத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு முட்டையிலும் கீறல் விழவில்லை.

நரியின் ஊளை கேட்டுக் காட்டெருமை வந்தது. சதுப்பின் கரையில் நின்று கொம்பைத் தாழ்த்த, நரி அதைப் பற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"உனக்கு இன்றைக்குப் பூ கிடையாது. மலையை விட்டு இறங்கு" என்றது காட்டெருமை. சேறு சொட்டச் சொட்ட நரி இறங்கிப் போனது.

குருவி கூட்டுக்குத் திரும்பியது.

"உனக்குத் தொந்தரவாக இருக்கும். நாங்கள் போகிறோம்" என்றது கழுதை.

"தடத்தில் நிற்பவர்களைக் கண்டு எனக்கென்ன பயம்? கொஞ்சம் பொறுங்கள், உள்ளே சத்தம் கேட்கிறது."

அவை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. ஓர் ஓடு பிளந்தது. அப்புறம் இன்னொன்று. நான்கு குஞ்சுகளும் ஈரம் காய்ந்ததும் எழுந்து, தள்ளாடித் தள்ளாடித் தாயைச் சுற்றி நடந்தன. ஆடுகள் கண்கலங்கிப் பார்த்தன.

பிறகு கழுதையும் ஆடுகளும் தடத்தின் வழியே உச்சி ஏறின. கண்ணுக்கு எட்டிய வரை மலையெல்லாம் நீலமாகப் பூத்துக் கிடந்தது. கழுதை தலையை நிமிர்த்தி, பள்ளத்தாக்கே அதிரும்படி மகிழ்ச்சியில் கத்தியது. ஆடுகளும் கூடச் சேர்ந்து கத்தின.

காட்டின் கட்டுப்பாட்டை மதித்து நடப்பவருக்கே காடு தன் அழகையெல்லாம் காட்டும்.