முதலாளி கை வைத்த போல்ட்

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டிக்குச் சந்தனம் வைப்பார்கள். மில் முதலாளி மயில்சாமியோ தன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் புகுந்து, சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தன் கையால் இன்னும் கொஞ்சம் இறுக்கி, அதற்கும் பொட்டு வைப்பார். வருஷம் தவறாது.

இப்போது கிளட்சை விட்டாலே அடியில் டொக்கென்று சத்தம். மறுநாள் மகளோடு ஊட்டி மலை ஏற வேண்டும்.

"சத்தம் எங்கேன்னு கண்டுபிடி. ஆனா நான் பொட்டு வெச்ச போல்ட்டுல எவனும் கை வைக்கக் கூடாது. அதைக் குத்தம் சொன்ன ரெண்டு ஷெட்டை விட்டுட்டுத்தான் இங்க வந்திருக்கேன்" என்றார் மெக்கானிக் கருப்பணனிடம்.

கருப்பணன் வண்டிக்கு அடியிலிருந்த ஷெட்டுக் குழிக்குள் இறங்கிப் பார்த்தான். இறுக்கி இறுக்கியே அந்தப் போல்ட்டின் மரை தேய்ந்து போயிருந்தது. மேலே வந்து ஸ்பேனரைத் துடைத்து நீட்டினான்.

"நான் தொடலீங்க. மலைக்குப் போற வண்டி, உங்க கையாலயே இன்னொருக்கா இறுக்கிடுங்க."

மயில்சாமிக்கு அது பிடித்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஸ்பேனர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை. விரலால் இழுத்தார். பொட்டோடு போல்ட் கையில் வந்துவிட்டது.

அதைக் கையில் பிடித்தபடியே மேலே ஏறி வந்தார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நாலாவது ஷெட்டுக்குப் போயிருப்பீங்க. பாப்பாவும் வருதுன்னீங்களே."

புது போல்ட்டைக் கருப்பணன் இறுக்கினான். மயில்சாமி டார்ச் பிடித்தார்.