இடது ஓரத்தில் நின்ற எண்

கோமளாவிடம் கம்ப்யூட்டர் படித்தவர்களில் வயதில் மூத்தவர் அப்புக்குட்டி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர், அறுபதை நெருங்கும்போது வந்து உட்கார்ந்தார். கோமளாவுக்கு அவருடைய மகள் வயதுதான். இருந்தாலும் வாய் நிறைய டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு காலத்தில் அவர் ரேக்ளா பந்தயத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். ஒரு பந்தயத்தில் அவர் வண்டிச் சக்கரம் எல்லைக் கயிற்றைத் தொட்டுவிட்டது என்று கமிட்டியிடம் போய்ச் சொன்னவர் இன்னொரு வண்டிக்காரரான சிவமலை. ஜெயித்த வண்டியைப் போட்டியிலிருந்தே தள்ளிவிட்டார்கள். சக்கரம் கயிற்றைத் தொட்டது உண்மைதான். அதைச் சொல்ல சிவமலை யார் என்பதுதான் அப்புக்குட்டியின் கேள்வி. அன்றிலிருந்து சிவமலை டீ குடிக்கிற கடையில் இவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இந்த வருஷம் பந்தயத்தின் நேரக் கணக்கைக் கோமளா பார்த்தாள். பந்தலுக்குள் கம்ப்யூட்டர். அதன் முன்னால் அப்புக்குட்டி.

வேலை இதுதான். எல்லைக்கோட்டில் கடிகாரம் பிடிப்பவர் ஒவ்வொரு வண்டியின் நேரத்தையும் போனில் தட்டி ஃபைலாக அனுப்புவார். அதை இங்கே ஏற்ற வேண்டும். அவசரத்தில் தட்டுவதால் எண்ணோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றில் விநாடிக்கு 'வி' என்று இருக்கும், ஒன்றில் காற்புள்ளி, ஒன்றில் கண்ணுக்கே தெரியாத வெற்றிடம்.

"எண்ணா இருந்தா கட்டத்துல வலது ஓரமா நிக்கும்" என்று கோமளா சொல்லிக் கொடுத்திருந்தாள். "ஏதாச்சும் ஒட்டியிருந்தா இடது ஓரத்துக்குப் போயிரும். வரிசைப்படுத்தினா எத்தனை வேகமா ஓடின வண்டியும் கடைசிக்குப் போயிருமுங்க."

காலையிலிருந்து அப்புக்குட்டி ஒட்டியதையெல்லாம் சளைக்காமல் துடைத்தார். முதல் தடவை எண்ணுக்கு நடுவில் இருந்த புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். ஒரு ஜோடி காளை ஆயிரத்து அறுநூறு விநாடி ஓடியதாகக் காட்டியது.

"ஏனுங்கண்ணா, மாடு வழியில மேஞ்சுட்டு வந்துச்சா?" என்றாள் கோமளா. அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

கடைசிச் சுற்று. சிவமலையின் காளைகள் கிளம்பின.

கூட்டத்தின் சத்தம் பந்தலைத் தூக்கியது. இரண்டு காளையும் ஒரே உடம்பாக வந்தன. குளம்பு தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டிப் புழுதி அடங்கிய பிறகுதான் தான் எழுந்து நிற்பதை அப்புக்குட்டி கவனித்தார். சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

ஃபைல் வந்தது. ஏற்றினார், வரிசைப்படுத்தினார். மேலே 15.74 நின்றது, வேறொருவர் வண்டி. சிவமலையின் 15.61 கடைசி வரியில், இடது ஓரத்தில் கிடந்தது.

அப்புக்குட்டியின் கை மவுஸை விட்டு இறங்கி மடிக்கு வந்துவிட்டது.

மைக் பிடிக்கும் செல்லப்பன் பந்தலுக்குள் தலையை நீட்டினார். "யாருங்க மொதல்ல? ஜனம் கத்துது. சீக்கிரம் சொல்லுங்க." மைக்கில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றுவது அந்தப் பந்தயத்தில் வழக்கமில்லை.

கோமளா குனிந்து திரையைப் பார்த்தாள். இடது ஓரத்து எண், பழைய பகை, எல்லாம் அவளுக்குப் புரிந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா" என்றார் அப்புக்குட்டி மெதுவாக. "நானா ஒதுக்குனேன்? கம்ப்யூட்டரே ஒதுக்கிருச்சு. அது செஞ்சதுக்கு நாம என்ன பண்றது?"

கோமளா மவுஸை எடுத்துப் பெயர்கள் இருந்த பத்தியை மறைத்தாள். திரையில் நேரம் மட்டும் மிச்சம். மவுஸை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்பத் துடைங்க."

"பேரை மறைச்சா எனக்குத் தெரியாதுங்களா? அது சிவமலை."

"சிவமலை எங்கீங்க ஓடினாரு? வண்டி மேல நின்னாரு. ஓடினது மாடு."

அப்புக்குட்டி திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அப்புக்குட்டி வெளியே பார்த்தார். காளைகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. யாரோ தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஓட்டின காலத்துலகூட..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"அடப் பேரைச் சொல்லுங்கப்பா" என்றார் செல்லப்பன்.

அப்புக்குட்டி அந்தக் கட்டத்துக்குப் போனார். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் ஒன்று. அழித்தார். 15.61 தாவி வலது ஓரத்துக்குப் போனது. வரிசைப்படுத்தினார். கடைசி வரி முதல் வரியானது. பெயர்ப் பத்தியையும் அவரே திறந்துவிட்டார்.

"சிவமலை வண்டி" என்றார் செல்லப்பனிடம். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "பதினஞ்சு புள்ளி ஆறு ஒண்ணு. தப்பில்லாமச் சொல்லுங்க."

மைக் அலறியது. மேளம் கிளம்பியது. துண்டுகள் பறந்தன. அந்தச் சத்தத்தில் அப்புக்குட்டி கோமளாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"ஒரே ஒரு வெற்றிடம். உங்களுக்கு ஒரு நொடி வேலை. நீங்களே அழிச்சிருக்கலாமில்ல? எதுக்கு என்கிட்டத் தள்ளுனீங்க?"

கோமளா ஃபைலைச் சேமித்தாள்.

"கட்டத்துக்குள்ள இருந்தது மட்டும்னா நானே அழிச்சிருப்பனுங்கண்ணா."