மூன்று முழக் கற்சுவர்

வெகு காலத்துக்கு முன்பு மருதவள நாட்டை இரணகீர்த்தி என்றோர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் இட்ட ஆணையை மாலைக்குள் மறந்துவிடுவான். ஆனால் அது தவறென்று யாரேனும் சொல்லிவிட்டால் போதும், பிறகு உயிரே போனாலும் மாற்றமாட்டான். அந்தக் குணத்துக்கு 'உறுதி' என்று தானே பெயரும் சூட்டியிருந்தான்.

ஒரு கோடையில் அவனுக்குப் புதிய மாளிகை கட்டும் ஆசை பிறந்தது. வரைபடம் தீட்டும் பொறுப்பை மாளிகைக் கண்காணி மகுடேசர் கேட்டு வாங்கிக்கொண்டார். அமைச்சர் பூவணநாதரின் சொல்லுக்கு அவையில் மதிப்பிருப்பது அவருக்கு நெடுநாளாகவே வயிற்றெரிச்சல். படத்தைத் துணியில் தீட்டி, அவையில் விரித்தார்.

"செங்கல் வேண்டாம், அரசே. அது குடிமக்களுக்குப் போதும். தங்களுக்குக் கருங்கல், மூன்று முழக் கனம். அப்பக்கம் இடி விழுந்தாலும் இப்பக்கம் கேட்காது."

"கதவுகள்?"

"தேக்கு. ஆனால் வாயில்கள் மிகுந்தால் தொல்லைகளும் மிகும். ஆகவே தங்கள் கூடத்துக்கு ஒரே வழி. அதுவும் அடியேனின் அறை வழியே. யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும். நண்பகலில் நான் கண்ணயரும்போது எவருக்கும் வழியில்லை என்று ஒரு விதியும் சேர்த்திருக்கிறேன்."

"அருமை" என்று அரசன் முத்திரையிட்டான்.

பூவணநாதர் குனிந்து படத்தை உற்றுப் பார்த்தார். அந்தக் கருங்கல் முழுவதும் கீழையேரிக்குக் கரை கட்டுவதற்காக வெட்டிவைத்தது; மகுடேசர் அதைச் சித்திரையிலேயே மாளிகைக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டார். மழைக்கு முன் கரை எழாவிட்டால் ஊரே மூழ்கும். முறையிட வந்த உழவர்களை மகுடேசரின் ஆட்கள் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சுவரும் எழுந்துவிட்டால் அவர்கள் குரல் அரசனை ஒருபோதும் எட்டாது. ஆனால் 'தவறு' என்று வாய் திறந்தால் அரசனின் உறுதி விழித்துக்கொள்ளுமே.

"என்ன அமைச்சரே, குறை ஏதும் தென்படுகிறதா?" என்றான் அரசன்.

"குறையா? படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. கட்டும்வரை காத்திருக்கத்தான் பொறுமையில்லை. ஒரு நாள் குடியிருந்து பார்த்துவிடலாமே."

"கட்டாத வீட்டில் எப்படியய்யா குடியிருப்பது?"

"மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடிடுவோம். கோடுதான் சுவர். வாயிலுக்கு மட்டும் இடைவெளி."

விளையாட்டென்றால் அரசனுக்குச் சோறு வேண்டாம். "கோட்டைத் தாண்டுபவன் எவனாயினும், நானே ஆயினும், மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம்" என்று அங்கேயே ஆணையிட்டான்.

மறுநாள் பொட்டலில் மாளிகை வெள்ளைக் கோடுகளாக எழுந்தது. முன்புறம் உணவுக்கூடம், நடுவில் மகுடேசரின் அறை, அதற்கப்பால் அரசனின் கூடமும், அதை ஒட்டிக் கழிப்பறையும். மாளிகை என்றிருந்தால் முறையீட்டாளர்களும் வேண்டுமல்லவா என்று கூறி, அமைச்சர் கீழையேரி உழவர் இருவரை அழைத்துவந்து மகுடேசரின் வாயிலில் நிறுத்தினார்.

மகுடேசர் முந்தி உண்டு, தம் அறைக்குப் போய்க் குடைநிழலில் படுத்துவிட்டார். வாயிலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அரசன் உணவுக்கூடத்தில் இருந்தான். வெயில் கொளுத்தியது. அமைச்சர் இளநீருக்கு மட்டும் குறைவைக்கவில்லை. போதும் என்றபோது நீர்மோர் வந்தது.

சற்று நேரத்தில் அரசன் எழுந்து, விரைவாக நடந்து, மகுடேசரின் வாயிலுக்கு வந்து நின்றான்.

"வழிவிடு."

"ஐயா உறங்குகிறார், அரசே. விதியில் முத்திரை தங்களுடையது" என்றான் காவலன்.

"மகுடேசரே" என்று அரசன் உரக்க அழைத்தான். பத்தடி தூரத்தில் மகுடேசர் துள்ளி எழப்போனார்.

"வீண் முயற்சி, அரசே" என்றார் பூவணநாதர். "நடுவில் மூன்று முழக் கல். நம் குரல் அவருக்குக் கேட்டுவிட்டால், கல்லைப் பற்றி அவர் சொன்னது பொய்யென்று ஆகிவிடும்."

மகுடேசர் மெல்லப் படுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அரசன் கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றான். உழவருள் மூத்தவரான மாசாணன் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"சாமி, உங்களையுமா நிக்க வெச்சுட்டாங்க?"

"நீங்கள் எதற்காக நிற்கிறீர்கள்?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டான் அரசன்.

"எங்க ஏரிக்கரைக் கல்ல இந்த வீட்டுக்கு எடுத்துட்டாங்க, சாமி. மழை வந்தா ஊரு இருக்காது. சித்திரையிலிருந்து நிக்கிறோம். ஐயா எப்பவும் உறக்கத்திலதான் இருக்காரு. அவசரமா இருந்தா இடுப்ப லேசா வளைச்சு நில்லுங்க, கொஞ்சம் தாங்கும்."

அரசன் வளைந்து பார்த்தான். தாங்கவில்லை. அடுத்த கணம் அவன் கால் சுண்ணாம்புக் கோட்டைச் சரக்கெனத் தேய்த்து அழித்தது. மறுகணம் அவனையே காணவில்லை.

"ஆணை மீறப்பட்டது. இனிக் கழுதை…" என்று இழுத்தான் காவலன்.

"அரசர் சுவரைத் தாண்டவில்லையப்பா, இடித்தார்" என்றார் அமைச்சர். "தம் வீட்டை இடிக்க அவருக்கு உரிமை உண்டு. இன்று ஓர் உதையில் முடிந்தது. கருங்கல்லாக இருந்திருந்தால் அவர் கதி என்ன என்பதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை."

திரும்பிவந்த அரசனின் முகத்தில் பேரமைதி நிலவியது. அமைச்சரின் கடைசிச் சொற்கள் அவன் காதில் விழுந்திருந்தன.

"கல் முழுவதும் இன்றே ஏரிக்கரைக்குப் போகட்டும். எனக்குச் செங்கல்லே போதும். என் கூடத்துக்கு நான்கு பக்கமும் வாயில் வையுங்கள். கழிப்பறை ஊருக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும். அதற்குப் போகும் வழியில், படத்தில் உள்ளபடியே, மகுடேசரின் அறையைக் கட்டுங்கள். கதவு மட்டும் வேண்டாம்."

மகுடேசர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கேட்டதாகக் காட்டிக்கொள்ள அவருக்கு வழியில்லையே.

மழைக்கு முன் கரை எழுந்தது. கட்டுமுன் கோட்டு வீட்டில் ஒரு நாள் குடியிருக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் மாமன்னர் இரணகீர்த்தியே என்று அந்த ஏரிக்கரையில் ஒரு கல்வெட்டும் நட்டார்கள். வாசகத்தை எழுதிக்கொடுத்தவர் பூவணநாதர்தாம். மகுடேசரோ தாம் விரும்பிய இடத்திலேயே வாழ்ந்தார். அரசன் முதல் உழவர்வரை எல்லாரும் நாள்தோறும் அவரைத் தாண்டித்தான் போனார்கள். நின்று பேசத்தான் எவருக்கும் நேரமிருக்கவில்லை.