ஏலக்கூடத்தில் இருபது எண்கள்

துறைமுகத்தில் முப்பது வருடமாக மைக் பிடித்தவர் பெர்க்மான்ஸ். விசைப்படகுகளுக்குப் புயல் சேதி சொல்வது அவர் வேலை. பட்டனை அழுத்தினால் அவர் பேசலாம், விட்டால்தான் படகிலிருந்து குரல் வரும்.

ஐம்பத்திரண்டு வயதில், சேதி அனுப்பும் புதுக் கருவியைக் கற்க அவர் மாணவராக உட்கார்ந்தார். பாடம் சொன்ன ஹாஜிராவுக்கு முப்பத்து நான்கு. மீனவர் சங்கத்தில் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். போன ஐப்பசிப் புயலில் தம்பி லிகோரியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அவர் எவர் சிரிப்பையும் பொருட்படுத்துவதில்லை.

ஹாஜிரா செய்திருந்த கருவி சேதியைப் பல இழைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு இழையும் தனித்தனி அலைவரிசையில், ஒரே நேரத்தில், நடுவில் இடைவெளி விட்டு நிதானமாகப் போகும். அன்று நான்கு மணிக்குச் சோதனை. அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் நிற்கும் படகுக்குச் சேதி போய்ப் பதிலும் வந்தால் எல்லாப் படகிலும் கருவி வைப்பார்கள். வராவிட்டால் பழைய மைக்தான்.

காலையிலிருந்தே பெர்க்மான்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாஜிரா வந்தபோது கருவி பெர்க்மான்ஸின் கைவரிசையில் சீரழிந்து கிடந்தது. படகின் திரையில் குப்பை எழுத்துதான் வருகிறதென்று அங்கிருந்தவர்கள் போனில் சொல்லிவிட்டார்கள்.

என்ன செய்தீர்கள் என்று ஹாஜிரா கேட்டார்.

“பல இழை எதுக்குன்னு ஒண்ணாக்கி வேகத்தக் கூட்டுனேன் டீச்சர். நடுநடுவுல சும்மா கெடந்த நேரத்த எடுத்துட்டேன். ஆன்டெனா ரெண்டும் ஒரே சேதியத்தான கேக்கு, ஒண்ணக் கழத்திட்டேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“சேதி பிந்துனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்.”

ஹாஜிரா திட்டவில்லை. வாங்க என்று மீன் ஏலக்கூடத்துக்கு அழைத்துப் போனார். இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்று பெர்க்மான்ஸ் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஏலம் முடிந்து கூடம் காலியாகக் கிடந்தது. தகரக் கூரை, சிமெண்டுச் சுவர். ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாஜிரா ஒரு தாளில் இருபது எண்களை எழுதி பெர்க்மான்ஸிடம் கொடுத்து, மறு கோடிக்குப் போய் நின்றார். பெர்க்மான்ஸ் பன்னிரண்டு விநாடியில் மூச்சுவிடாமல் உரக்கப் படித்தார். கூடம் இரைந்தது. ஹாஜிரா கேட்டு எழுதிய தாளில் மூன்று எண்கள்தான் இருந்தன.

பிறகு ஹாஜிரா நான்கு பெண்களைப் பெர்க்மான்ஸ் நின்ற கோடியில் நிறுத்தி, ஆளுக்கு ஐந்து எண் கொடுத்தார். நான்கு பேரும் ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு எண் சொன்னதும் இரைச்சல் அடங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மறு கோடியில் நான்கு பெண்கள், ஆளுக்கொரு குரலை மட்டும் பிடிக்க வேண்டும். தினம் ஏலத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய காரியமில்லை.

அதே பன்னிரண்டு விநாடி ஆயிற்று. பத்தொன்பது எண்கள் வந்து சேர்ந்தன.

மறு கோடியில் தூணோரம் நின்ற ரெஜினாளுக்கு மட்டும் ஒன்று காதில் விழவில்லை. ஹாஜிரா அவளுக்கு ஒரு முழம் தள்ளி இன்னொருத்தியை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். ரெஜினாளுக்கு விழாத எண் பக்கத்தில் நின்றவளுக்கு விழுந்தது.

பெர்க்மான்ஸ் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“அந்தச் சும்மா நேரத்துல என்ன நடக்கு டீச்சர்?”

“முன்னால சொன்னது சுவத்துல மோதி மோதி ஓயுது. ரேடியோ அலையும் அப்படித்தான், தண்ணியில, படகுல மோதி மோதித்தான் வருது.”

அவர் விறுவிறுவென்று கருவி இருந்த அறைக்கு நடந்தார். கழற்றிய ஆன்டெனாவை மாட்டினார், இழைகளைப் பிரித்தார், இடைவெளியை முன்பிருந்தபடி வைத்தார். அவசரத்தில் ஒரு திருகு இரண்டு முறை கீழே விழுந்தது.

நான்கு மணிக்குச் சேதியை அனுப்பினார். சங்கத்து ஆட்கள் பின்னால் நின்றார்கள். பதில் வரவில்லை. திரும்ப அனுப்பக் கை நீண்டது. ஹாஜிராவைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் எழுத்து வந்தது. ‘முழுசா வந்துருச்சு. எங்க சேதி வருதா?’

பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். பெர்க்மான்ஸ் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் நின்றது. ஒருவழியாக, ஹாஜிராவுக்கு மட்டும் எட்டும் குரலில் சொன்னார்.

“புயல் அடிச்ச அன்னிக்கு நாப்பது நிமிசம், ‘திரும்பி வா, திரும்பி வா’ன்னு ஒரே மூச்சா சொன்னேன். பட்டன விடவே இல்ல.”

ஹாஜிரா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“லிகோரி பதில் ஏதும் சொல்லியிருப்பானோ?”

இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஹாஜிரா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி. படகுல இவங்க காத்துட்டு நிக்கிறாங்க. பதில் போடுங்க.”