ஏலத்துக்கு வந்த வீடு

தாண்டவ அடிகளின் சீடர்களில் மாசிலாமணிதான் மூத்தவர். அடிகளைவிடவே பத்து வயது கூடியவர். தையல் கடை வைத்திருந்தார். இருபத்தாறு வருடத்தில் ஏழு வாடகை வீடு மாறியவர்.

ஒரு திங்கட்கிழமை மடத்துக்கு வந்து, வங்கி ஒரு வீட்டை ஏலம் விடுவதாகவும், பாதி விலைக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை ஏலம். சேமித்ததையெல்லாம் போட்டு, போதாததற்கு மனைவியின் நகையை விற்கப்போவதாகச் சொல்லி ஆசி கேட்டார்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் அடிகள்.

"கடன் கட்ட முடியாதவர்கள், சாமி. வங்கியே காலி செய்து கொடுத்துவிடும் என்று தரகர் சொல்கிறார்."

"அவர்களைப் பார்த்தீர்களா?"

"வெளியே நின்று வீட்டைப் பார்த்தேன்."

"கதவைத் தட்டி, நீங்கள் யார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்."

மறுநாள் போனார். இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார். மூன்றாம் முறை தட்டியபோது மெஹருன்னிசா என்ற பெண் திறந்தார். மாசிலாமணிக்குப் பொய் வரவில்லை. ஏலம் கேட்கப் போகிறவன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெண் நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். வீட்டின் பழைய உரிமையாளருடைய தங்கை, பாதி வீடு தனக்கென்று இவர்கள் மேல் வழக்குப் போட்டு ஒன்பது வருடமாகிறது. வழக்கு நடத்தியே தன் கணவரின் கடை போனது. அதில்தான் வீட்டுக்கடன் தவணை நின்றது என்று நிதானமாகச் சொன்னார். வழக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்தார்.

"நான் சொல்றத நம்ப வேணாம்ணே. கோர்ட்டுல கேட்டுப் பாருங்க."

"எனக்கு எதுக்கும்மா இதச் சொல்றீங்க?"

"நாங்களும் இத ஏலத்துலதான் வாங்கினோம். எங்களுக்கு யாரும் சொல்லல."

மாசிலாமணி ஒரு வக்கீலைப் பிடித்து விசாரித்தார். வழக்கு உண்மை. ஏல அறிவிப்பின் அடியில் 'உள்ளது உள்ளபடி' என்று பொடி எழுத்தில் இருந்ததையும் வக்கீல் காட்டினார். எந்த வில்லங்கம் வந்தாலும் இனி வாங்கியவர் பாடு என்று அதற்கு அர்த்தமாம்.

வெள்ளிக்கிழமை, ஏலம் நடக்கிற நேரத்தில், மாசிலாமணி மனைவியோடு மடத்துக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, ஒரு தட்டில் பழமும் புது வேட்டியும் வைத்து அடிகளின் காலில் விழுந்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நடுத்தெருவுக்கு வராமல் எங்களைக் காப்பாற்றினீர்கள், சாமி. இதை வாங்கிக்கொள்ள வேண்டும்."

அடிகள் தட்டைத் தொடவில்லை.

"வேட்டியைக் கடையில் கொடுத்துப் புடவையாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேருமாகப் போய் அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். இன்றைக்கு அந்த வீட்டுப் படி ஏற வேறு யாரும் இருக்கமாட்டார்கள்."